அச்சாரம் வாங்கிய மேளம்

கரூரில் அமராவதி ஆற்றுக்கு இறங்குகிற படித்துறைத் தெருவில் நடந்த இந்தச் சங்கதியை அந்தத் தெருக்காரர்கள் யாரிடம் கேட்டாலும், போன வருசம் முருங்கை நன்றாகக் காய்த்ததைச் சொல்வது போலத்தான் சொல்வார்கள். குரலைத் தாழ்த்தவும் மாட்டார்கள், கண்ணை விரிக்கவும் மாட்டார்கள்.

அந்தத் தெருவில் பிள்ளையார் கோயிலுக்கு எதிரே வெற்றிலைக் கடை வைத்திருந்த செங்கோடன், கல்யாணம் என்ற ஒன்றைப் பற்றி யோசிக்கவே நேரமில்லாதவராக, கல்லாவில் வந்து விழுந்த பழைய காசுகளையும் ஆற்று மணல் சலிக்கிறவர்கள் கொண்டுவந்து கொடுத்த செப்புத் துண்டுகளையும் ஆயுசு முழுக்கச் சேர்த்து வைத்துவிட்டு, ஒரு மத்தியானம் சாப்பிட்டுச் சாய்ந்தவர் அப்படியே போய்ச் சேர்ந்தார். வீடு பெரிய அண்ணன் மகன் திருமூர்த்திக்கு, காசெல்லாம் சின்ன அண்ணன் மகள் பூங்கோதைக்கு என்று நாலு பேர் காதில் விழச் சொல்லியிருந்தார். மனை வாங்கி விற்கிற திருமூர்த்திக்கு அந்தப் பங்கு பிடித்திருந்தது. பெண்கள் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்று, அதே தெருவின் மறுகோடியில் குடியிருந்த பூங்கோதைக்கும் பிடித்திருந்தது, பிஸ்கட் டப்பாக்களின் மூடியைத் திறக்கும்வரை.

உள்ளே ஒவ்வொரு காசும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் ஸ்டேப்ளர் பின் அடித்து அடைக்கப்பட்டிருந்தது. அந்த உறையெல்லாம் காலப்போக்கில் வேர்த்து, வேர்வை பச்சைப் பிசினாகிக் காசின்மேல் ஒட்டி, ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து, ரப்பர் பேண்டுகள் உருகி, வில் பொறித்த சேரர் காசும் அம்மன் உட்கார்ந்த புதுக்கோட்டைக் காசும் நடுவில் ஓட்டை போட்ட காலணாவும் ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாயும் ஒரே சளி பிடித்த குழந்தைகள் மாதிரி கிடந்தன.

"பாவம், மூச்சு முட்டிக் கெடக்குதுங்க எல்லாம்," என்றாள் பூங்கோதை.

"அதுக்கு?" என்றார் அவள் கணவர் சபாபதி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அவர் எதற்கும் ஒரு சொல்லுக்கு மேல் செலவழிக்கிற வழக்கமில்லை.

"சுத்தம் பண்ணி, நல்ல எடமாப் பார்த்துக் குடி வெக்கோணும்."

அவள் எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். ஆசாரியிடம் சொல்லி ஒவ்வொரு காசின் அளவுக்கும் ஒரு வட்டக் குழி கடைந்த இழுப்பறைத் தட்டுகள் செய்ய வைத்தாள். குழியில் விரிக்கப் பருத்தித்துணி வெட்டினாள், மூலைக்கு மூலை வைக்க ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் வாங்கினாள், பிறகு முன்னறை மேசையில் கிண்ணங்களை வரிசையாக வைத்து, பச்சைப் பிசின் கரைய அசிட்டோனில் ஒரு முழுக்கு, காய்ச்சி வடித்த தண்ணீரில் ஓர் ஊறல், விடாப்பிடியான அழுக்குக்கு மூங்கில் சீவல், கடைசியில் பஞ்சால் ஓர் ஒற்றல் என்று ஆரம்பித்தாள்.

முதலில் அம்மன் காசு. ஊறி வெளியே வந்ததை எடுத்துப் பஞ்சால் ஈரத்தை ஒற்றியதும், மேசைமேல் மந்தார இலையில் மடித்த ஒரு கை பொரிகடலை இருந்தது. இளஞ்சூடாகக்கூட இருந்தது. புருசனும் பெண்டாட்டியும் ஆளுக்குப் பாதி சாப்பிட்டார்கள்.

"உப்பு கம்மி," என்றார் சபாபதி.

அடுத்து ஓட்டைக் காலணா. அதைத் துடைத்ததும் ஒரு முழம் கதம்பம் வந்தது, அப்போதுதான் கட்டியது போல ஈரத்தோடு. பூங்கோதை தலையில் வைத்துக்கொண்டாள். மூன்றாவதாக ஓர் அரையணாவை, அவள் அடுப்பைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில், சும்மா இருக்கிறோமே என்று சபாபதி எடுத்துத் துடைத்தார். வாரந்தோறும் சாயம் பூசி நெற்றிமேல் வளைத்து விட்டிருந்த அவர் கிராப்பு அந்தக் கணமே காணாமல் போய், முன்னந்தலை மழுமழுவென்று சிரைக்கப்பட்டு, பின்னால் எலுமிச்சை அளவு ஒரு குடுமி நின்றது. அவர் தலையைத் தடவினார், கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார், "கத்தி நல்ல கூர்," என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் புறப்பட்டார். பழனிக்கா என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆமாம் என்றார்.

வேதியியல் படித்தவளுக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. காசைச் சுத்தம் செய்து துடைக்கிறவருக்கு, அந்தக் காசு கடைசியாக எதை வாங்கியதோ அது வந்து சேருகிறது. ஒரு காசு ஒரு தடவைதான் கொடுக்கும். விற்றவர் வருவதில்லை, விற்றது மட்டும் வரும். மறுநாள் ஒரு செப்புக் காசை ஒற்றியபோது கையில் பஞ்சோடு ஆற்றின் அக்கரையில் சேலைக்கரை நனைந்து நின்றாள். பாலம் ஏறி, வெறுங்காலோடு வெயிலில் நடந்து தெருவுக்குள் நுழைந்தவளை, எதிர்வீட்டில் இட்லிக் கடை நடத்துகிற செவந்தி பார்த்தாள்.

"ஏனுங் டீச்சர், செருப்பில்லாம எங்க போய்ட்டு வாரீங்க?"

"பரிசல்ல போனனுங்க. திரும்பி வரக் காசு குடுத்திருக்க மாட்டாங்களாட்ட இருக்குது."

"தண்ணி குடிச்சுட்டுப் போங்க," என்று சொம்பை நீட்டினாள் செவந்தி.

அதற்குப் பிறகு தெரு முழுக்கத் தெரிந்துபோனது. தெரிந்ததும் தெரு செய்த முதல் காரியம் ஒரு கூட்டம் போட்டதுதான். கூரியர் ஆபீஸ் கதிரேசன் தலைமையில், துடைக்க விருப்பமுள்ளவர்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டு வரலாம், வருகிறதை வந்தபடி ஏற்றுக்கொள்ள வேண்டும், மாற்றித் தரச் சொல்லி டீச்சரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று முடிவானது. பூங்கோதைக்கும் அது தோதாகத்தான் இருந்தது. துடைக்கும் முறையை ஒவ்வொருவருக்கும் பள்ளியில் சொல்வது போல நின்று சொல்லிக் கொடுத்தாள், தேய்க்காதீங்க, ஒத்துங்க, ஒத்துங்க. செங்கோடன் கல்லாவில் விழுந்திருந்த காசுக்கெல்லாம் வெற்றிலைதான் வந்தது. தையல்காரர் வீட்டுக்குக் கருப்பட்டி வந்தது. பால்காரருக்குப் பெயர் தெரியாத ஒரு சோப்பு வந்தது, அந்த மணம் அவர் எருமைகள்மேல் வாரக்கணக்கில் இருந்தது. ஒருத்திக்கு ஆட்டுக்குட்டி வந்தது. கதிரேசனுக்குப் பளீரென்று ஓர் அறை வந்தது, யாரோ யாரையோ அடிக்கச் சொல்லிக் காசு கொடுத்திருக்கிறார்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, தானே போட்ட விதியை நினைத்து, மறு வாய்ப்புக் கேட்காமல் போனார். சாமிக்கு நேர்ந்து போட்ட ஒரு குட்டி வெள்ளிப் பணத்தைத் துடைத்தபோது, கத்திரி வெயிலில், படித்துறைத் தெருவுக்கு மட்டும் மழை பெய்தது. பக்கத்துத் தெருக்காரர்கள் குடத்தோடு ஓடிவந்தார்கள், இவர்கள் பெருந்தன்மையாக இடம் விட்டார்கள்.

செவந்தி மட்டும் ஒரு நாளும் சீட்டுப் போடவில்லை. "எனக்கு வேணுங்கறது அதுல வராதுங் டீச்சர்," என்பாள். அவளுக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அவளும் துணி தேய்க்கிற பொன்னுசாமியும் இளவயதிலிருந்து ஒரே வீட்டில்தான் இருந்தார்கள், இரண்டு பெண்களைப் பெற்றுக் கட்டிக்கொடுத்தும் விட்டார்கள். ஆனால் அவள் கழுத்தில் தாலி இல்லை. பொன்னுசாமி ஒவ்வொரு தை மாதமும் தாலி கட்டவா என்று கேட்பார், அவள் ஒவ்வொரு தைக்கும் மாட்டேன் என்பாள், அதுவும் அந்தத் தெருவுக்குப் பொங்கல் மாதிரி ஒரு வழக்கமாகிவிட்டது.

இந்தச் செய்தி திருமூர்த்தியின் காதுக்குப் போனபோது, அவன் கருப்பட்டியையும் மழையையும் காதில் வாங்கவில்லை. வெள்ளி என்பதையும் சேரர் காசு என்பதையும் மட்டும் வாங்கிக்கொண்டான். கோயம்புத்தூரிலிருந்து ஒரு காசு வியாபாரியைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான்.

"அக்கா, சித்தப்பன் வாயால சொன்னதுதான, எழுதியா வெச்சாரு? பாதி எனக்கு வரோணும். இவரு மொத்தமா எடுத்துக்கறாரு."

"எடுத்து?" என்றாள் பூங்கோதை.

"பிரிச்சு வித்துருவாரு."

அவள் இழுப்பறையில் கை வைத்துக்கொண்டாள். ஒவ்வொன்றையும் குளிப்பாட்டி, தலை துவட்டி, இன்ன குழி இன்னாருக்கு என்று ஒதுக்கி வைத்தவள் அவள். "இன்னும் முடியலப்பா. முடியட்டும், பேசலாம்," என்றாள்.

வியாபாரி தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, நடுத்தட்டின் நடுக்குழிக்கு ஒதுக்கியிருந்த வெள்ளி ரூபாயில் வந்து நின்றார். கறுத்துப்போயிருந்ததால் வருசம் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொண்டால் ஒரு விலை சொல்லலாம் என்றார். பூங்கோதை காப்பி போட உள்ளே போன இடைவெளியில், திருமூர்த்தி குளியலறை மாடத்திலிருந்த பல்பொடியை எடுத்து ரூபாயில் கொட்டி, கட்டை விரலால் நன்றாகத் தேய்த்து, குழாய்த் தண்ணீரில் கழுவி, தன் வேட்டியிலேயே துடைத்தான்.

உடனே அவன் தோளுக்குப் பின்னாலிருந்து நாதசுரம் எழும்பியது.

ஆள் இல்லை, ஊதும் சீவாளி இல்லை, தவில் இல்லை, சத்தம் மட்டும். ஒரு நாதசுரம், ஒரு தவில், சுருதி பிடிக்க ஓர் ஒத்து, ஒரு தாளம் என்று முழுசாக ஒரு மேளம். காப்பியோடு வந்த பூங்கோதை முதலில் பல்பொடியைத்தான் பார்த்தாள். "வெள்ளியப் போயி இப்படித் தேய்ப்பாங்களா," என்று அவள் பதறியது மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை. வியாபாரி காப்பியைக் குடித்தார், கொஞ்சம் தாளம் போட்டார், "சத்தம் நின்னப்பறம் கூப்பிடுங்க," என்று திருமூர்த்தியின் காதோரம் கத்திவிட்டுப் புறப்பட்டார்.

மேளம் திருமூர்த்தியோடு போனது. அவன் நடந்தால் நடந்தது, உட்கார்ந்தால் உட்கார்ந்து வாசித்தது. காலையில் பூபாளம், சாயங்காலம் கல்யாணி, அவன் குளிக்கும்போதுகூடக் கதவுக்கு வெளியே மரியாதையாக நின்று ஊதியது. முதலில் அவனுக்கு நல்ல காலம்தான். மனை பார்க்க வந்தவர்கள், முள்ளுக்காட்டில் கால் வைத்ததும் மங்கள வாத்தியம் கேட்டால் வேறென்ன சகுனம் வேண்டும் என்று, வாஸ்துகூடப் பார்க்காமல் முடித்துக்கொண்டு போனார்கள். ஆனால் நாலு பேருக்குத் தெரியாமல் பேச வேண்டிய பேரம் ஒன்றும் பேச முடியவில்லை. அவன் மாமனாரின் தம்பி செத்துக் கிடந்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனபோது, பந்தலில் பெண்கள் கட்டிக்கொண்டு அழுகிற நடுவில், மேளம் மாப்பிள்ளை அழைப்பு வாசித்தது. பிணத்தைத் தவிர எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கே அவன் மனைவி பெட்டியை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

இது கல்யாண மேளம், ஒரு கெட்டிமேளம் கொட்டிவிட்டால் நின்றுவிடும் என்று யாரோ சொல்ல, அவன் அழைப்பில்லாத ஒரு கல்யாண மண்டபத்துக்குள் புகுந்து முன்வரிசையில் உட்கார்ந்தான். அங்கே ஏற்கெனவே வேறு மேளம் இருந்ததால், தொழில் மரியாதைக்காக இது வாயைத் திறக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து செருப்பை மாட்டியதும், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

கடைசியில் பூங்கோதையின் வாசலில் வந்து நின்றான். கண் உள்ளே போயிருந்தது. "அக்கா, நீதான் நிறுத்தோணும்."

"எனக்குச் சுத்தம் பண்ணத்தான் தெரியும் திருமூர்த்தி. இது நீ பண்ணுன சுத்தம்."

எதிரே, முதல் நாள் மேளம் எழும்பியபோது மகள் வீட்டுக்குப் போயிருந்த செவந்தி, இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். வாசலில் நாதசுரம் ஓர் அடி வாசித்து நிறுத்தி, லேசாக ஓர் இருமல் இருமி, அடுத்த அடியை எடுத்தது. அவள் கரண்டி நின்றது. மறுபடியும் ஓர் அடி, அதே இருமல். அவள் கையைத் துடைத்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்து, திருமூர்த்தியைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தாள், கோயில் தூணைச் சுற்றுகிற மாதிரி.

"இது லாலாப்பேட்டை மேளமுங் டீச்சர். எங் கல்யாணத்துக்குப் பேசி வெச்ச மேளம்."

பூங்கோதை அவளைத் திண்ணையில் உட்கார வைத்தாள். செவந்தி திருமூர்த்தியைப் பார்க்காமல் பூங்கோதையிடமே சொன்னாள். அவளும் பொன்னுசாமியும் வேறு வேறு சாதி. இரண்டு வீட்டிலும் சம்மதித்துத்தான் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் நாள் குறித்தார்கள். அவள் அப்பா, வீட்டில் சாமிப் படத்தடியில் இருந்த வெள்ளி ரூபாயை வெற்றிலையில் வைத்து மேளத்துக்கு அச்சாரம் கொடுத்தார். விடிந்தால் தாலி, மண்டபத்து மூலையில் மேளக்காரர் இருமிக்கொண்டே சுருதி சேர்த்ததை அவள் காதால் கேட்டாள். விடிந்ததும் திருமூர்த்தியின் அப்பா காளியண்ணன் ஆட்களோடு வந்து, இந்தத் தெருக் கோயிலில் இப்படியொரு கல்யாணம் நடக்காது என்று பந்தலைப் பிரித்துப் போட்டு, மேளத்தைப் பஸ் ஏற்றிவிட்டார்.

"வாசிக்காத மேளத்துக்கு அச்சாரம் எதுக்குன்னு அந்த மேளக்காரரு ரூபாய உங்க சித்தப்பன் கடையில குடுத்து, எங்கய்யன்கிட்டச் சேத்துடச் சொல்லிட்டுப் போனாரு. எங்கய்யன் போய்க் கேட்டாரு. அப்படி யாரும் குடுக்கலையேன்னுட்டாரு உங்க சித்தப்பன். நாங்க ஆத்துக்குப் போயி மாலை மாத்திக்கிட்டோம். தாலி கட்டுனா அந்த மேளம் கொட்டித்தான் கட்டோணும்னு நான் அன்னைக்குச் சொன்னேன். ராஜா மூக்குகிட்ட ஒரு வெட்டு இருக்கும், பாருங்க."

பூங்கோதை எழுந்து போய் நடுத்தட்டை இழுத்தாள். பல்பொடி தேய்த்ததில் வெட்டு பளிச்சென்று தெரிந்தது. சித்தப்பாவின் சேகரிப்பிலேயே அழகான காசு என்று நினைத்து, எல்லாவற்றையும்விட ஆழமாகக் குழி கடையச் சொல்லியிருந்தாள். இப்போது அந்தக் குழியைப் பார்க்கவே கூசியது. ரூபாயை எடுத்து வந்து செவந்தியின் கையில் வைத்தாள். "பல்பொடி போட்டுட்டானுங்க," என்றாள்.

"பரவால்லீங்," என்று செவந்தி அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகுதான் திருமூர்த்தியை நிமிர்ந்து பார்த்தாள். "கட்டிக்கறேன். ஆனா அழைப்பு நீங்கதான் வெக்கோணும். வீடு வீடாப் போயி, எங்கப்பன் நிறுத்துன கல்யாணத்துக்கு வாங்கன்னு சொல்லோணும்."

"அதெப்படிங்க, செத்துப்போன மனுசனப் பத்தி—"

"அவசரமில்லீங். யோசிச்சுச் சொல்லுங்க," என்று செவந்தி இட்லி இறக்கப் போய்விட்டாள்.

யோசித்தான். மேளமும் அவனோடு யோசித்தது. யோசித்து முடித்த காலையில், வெற்றிலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வீட்டின் வாசலில் நின்றான். முதல் வீட்டில் தட்டை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினான். நாதசுரம் அவனுக்காக ஓர் அடியை இழுத்துக் காத்திருந்தது. "எங்கப்பன் நிறுத்துன கல்யாணத்துக்கு வாங்க," என்றான். நாலைந்து வீடு தாண்டும்போது குரல் தெளிந்தது. பொன்னுசாமியின் இஸ்திரி வண்டி முன்னால் வந்தபோது, யாரும் சொல்லித் தராமலே, "நீங்களும் வந்துருங்க மாமா," என்றான். பொன்னுசாமி பெட்டியைச் சட்டைமேலேயே வைத்துவிட்டு நின்றார்; அது கருகியது.

நல்ல நாள் பார்த்து அதே கோயில் மண்டபத்தில் கூடினார்கள். விருந்துக்குச் சமைக்க ஆள் சொல்லலாமா என்று பேச்சு வந்தபோது, வேண்டாம் என்று பூங்கோதை மிச்சமிருந்த காசையெல்லாம் ஒரே நேரத்தில் ஊறப் போட்டாள். தெருவே வரிசையாக உட்கார்ந்து ஒற்றியது. வாழைக்குலைகள் வந்தன, எள்ளுருண்டை வந்தது, சேரர் காசுக்கு ஒரு கூடை அயிரை மீன் துள்ளத் துள்ள வந்தது, எந்த ராஜாவின் காலத்துப் புளியோதரையோ ஆறாமல் வந்தது, ஒரு பானைக் கள்ளும் வந்தது, அதைக் கதிரேசன் பொதுநலன் கருதித் தன் பொறுப்பில் எடுத்து வைத்தார். குடுமியோடு சபாபதி நின்ற தோரணையைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் அவரைப் புரோகிதர் என்று நினைத்துக் காலில் விழுந்தார்கள், அவர் தடுக்கவில்லை.

பொன்னுசாமி தாலியை எடுத்தார். திருமூர்த்தி விரலை ஆட்டி, கெட்டிமேளம் என்று சொன்னதும், அத்தனை காலமும் அடக்கி வைத்திருந்த அடியைத் தவில் கொட்டித் தீர்த்தது. கோயில் மணி தானாக அதிர்ந்தது, மாடத்துப் புறாக்கள் ஆற்றுப் பக்கம் பறந்தன. பிறகு ஒரு சின்ன இருமல். பிறகு ஒன்றுமில்லை.

திருமூர்த்தி இரண்டு காதிலும் விரலை விட்டு ஆட்டிப் பார்த்தான். "வெறுமையா இருக்குதுக்கா," என்றான். "போய்ப் பந்தியில தண்ணி ஊத்து," என்றாள் பூங்கோதை. அவன் கடைசிப் பந்திவரை ஊற்றினான். கோயம்புத்தூர்க்காரர் மறுநாள் போன் செய்தபோது, அக்கா குடுக்க மாட்டாங்க, நானும் கேக்கப் போறதில்ல என்று வைத்துவிட்டு, மனைவியை அழைத்துவரப் போனான்.

ஊதி முடித்துவிட்ட மேளத்துக்கு ரூபாய் சேர வேண்டுமல்லவா, அதனால் செவந்தியும் பொன்னுசாமியும் புதுத்துணியோடு லாலாப்பேட்டை பஸ் ஏறினார்கள். திரும்பி வந்த செவந்தி நேரே பூங்கோதையிடம்தான் வந்தாள். மேளக்காரர் என்றைக்கோ காலமாகிவிட்டாராம். பேத்தி இருந்தாளாம், செல்போன் கடை வைத்திருக்கிறாளாம்; ரூபாயை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, வெயிலில் வந்திருக்கிறார்களே என்று பக்கத்துக் கடையில் அதையே நீட்டி இரண்டு சோடா வாங்கிக் கொடுத்துவிட்டாளாம். கடைக்காரரும் மறுபேச்சில்லாமல் கல்லாவில் போட்டுக்கொண்டாராம்.

"வெள்ளி ரூபாய்க்கு ரெண்டு சோடாவா?" என்றாள் பூங்கோதை. அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"ஜில்லுன்னு இருந்துச்சுங் டீச்சர்."

அவள் போன பிறகு பூங்கோதை நடுத்தட்டை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுற்றிலும் எல்லாக் காசும் குளித்து முடித்து அவரவர் குழியில் சுத்தமாகப் படுத்திருந்தன; நடுவில் ஆழமான அந்த ஒரு குழி மட்டும் காலியாக இருந்தது. ஒழுங்குக்குப் பிறந்தவள் அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் சங்கடப்பட்டாள். வேறொன்றை எடுத்து அதில் வைக்கலாமா என்று பார்த்தாள், எதுவும் பொருந்தவில்லை. பிறகு எழுந்து வாசலுக்கு வந்து, தெருவுக்கு அந்தப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"செவந்தியக்கா, என்ன சோடா அது?"

"பன்னீர் சோடாங்!"

பூங்கோதை உள்ளே போய் ஒரு சின்னச் சீட்டை வெட்டி, பள்ளிக்கூடத்துக் குண்டு எழுத்தில் எழுதி, பசை தடவி, காலிக் குழியின் ஓரத்தில் ஒட்டினாள்: 'வெளியே போயிருக்கிறது. பன்னீர் சோடா, இரண்டு.'